பட்டனுக்கு நல்ல கடை இல்லை

வருடத்துக்கு ஒரு முறை எங்கள் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில், நகரத்தின் சிறந்த பத்துத் தனிக்கடைகள் என்று ஒரு பட்டியல் வரும். தனிக்கடை என்றால் ஒரே ஒரு பொருளை விற்கும் கடை. குடைக்கடை என்றால் குடைதான் இருக்க வேண்டும். ஓரத்தில் நாலு ஜோடி செருப்பைத் தொங்கவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவேன். ஏழு வருடமாக இதை எழுதுவது நான். 'கடைக்கண்' என்பது என் புனைபெயர். அதை வைத்தவர் ஆசிரியர். அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே நகைச்சுவை அதுதான் என்பதால் நானும் மாற்றச் சொல்லவில்லை.

என் வேலை முறை எளிது. யாரோ எவரோ போலப் போய் ஒரு பொருள் வாங்குவேன். ஒரு வாரம் கழித்து, சரியில்லை என்று அதைத் திருப்பிக் கொண்டுபோவேன். வாங்கும்போது எல்லாக் கடைக்காரரும் தங்கமானவர்கள்தான். திருப்பிக் கொடுக்கும்போது சாயம் வெளுத்துவிடும். பிரஷ் கடைக்காரர் என்னைப் பார்த்ததே இல்லை என்று சாதித்தார். கயிற்றுக் கடைக்காரர் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். குடைக்காரர் மட்டும் குடையை விரித்து, மடக்கி, மறுபடி விரித்துப் பார்த்தார். "குடையில ஒரு குறையும் இல்லம்மா, குறை உங்க மனசுலதான்" என்று சொல்லிக்கொண்டே புதுக்குடை ஒன்றை நீட்டினார். அந்த வருடம் அவருக்கு மூன்றாம் இடம் கொடுத்தேன். திட்டாமல் இருந்திருந்தால் இரண்டாம் இடம் கொடுத்திருப்பேன்.

இந்த முறை ஆசிரியர் ஒரு கட்டுக் கடிதத்தை என் மேசையில் போட்டார்.

"பட்டன் கடை ஒண்ணு இருக்காமே. பதினாலு பேர் எழுதியிருக்காங்க. துணியைக் கண்ணால பார்க்காம அந்தம்மா பட்டனே கொடுக்கறதில்லையாம். நீங்க எப்படி இதை விட்டீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் அக்கா கடை.

சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் முன்னால் ஒரு வாசகி, கோட்டுக்கு நல்ல பட்டன் எங்கே கிடைக்கும் என்று கேட்டு எழுதியிருந்தார். அக்கா கடையைச் சொன்னால், சொந்தக்காரிக்கு விளம்பரம் செய்கிறாள் என்று யாராவது மோப்பம் பிடித்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். கேள்வியை ஓரம் கட்டியிருக்கலாம். என் அக்கா கடை ஒன்று இருக்கிறது, போய்ப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள் என்று எழுதியிருக்கலாம். நான் எழுதியது இது: 'இந்த நகரத்தில் பட்டனுக்குச் சொல்லிக்கொள்ளும்படி நல்ல கடை இல்லை.' நேர்மைக்காக எழுதுவதாக நினைத்துக்கொண்டு எழுதிய பொய்.

மறுநாள் அக்கா போன் செய்தாள்.

"நீயா எழுதின?"

"பொதுவாத்தான் எழுதினேன் அக்கா."

"சரி."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே நாலே நாலு பஸ் நிறுத்தம். ஆனால் அவள் மகளின் கல்யாணப் பத்திரிகை எனக்குக் கூரியரில் வந்தது. போனேன். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தேன், சாப்பிட்டேன், வந்தேன். அக்கா என்னைப் பார்த்துக் கும்பிட்டாள், மாப்பிள்ளை வீட்டுக்காரர்களைக் கும்பிடுவது போல. அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எனக்கு அக்கா வேண்டும். அதைக் கேட்க வாய் வரவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

பட்டன் கடைக்குப் போகப்போகிறேன் என்றதும் என் கணவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார்.

"மன்னிப்புக் கேட்கவா?"

"இல்ல. வேலையா."

"பிள்ளையைக் கிள்ளிவிட்டது நீ. இப்ப தொட்டிலை ஆட்ட ஆபீஸ்லேர்ந்து உத்தரவு வந்திருக்காக்கும்."

இவருக்கு இப்படியெல்லாம் நன்றாகப் பேச வரும். அன்று காலையில்தான் பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பொங்கவிட்டிருந்தார்.

பீரோவிலிருந்து என் கரும்பச்சைக் கோட்டை எடுத்தேன். மேலிருந்து இரண்டாவது பட்டன் போன குளிர்காலத்திலேயே எங்கோ விழுந்துவிட்டது. அந்த இடத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். பட்டன் கடைக்காரியின் தங்கை.

கடை இரண்டு ஆள் அகலம், பத்து ஆள் நீளம். இரண்டு பக்கமும் கூரைவரை சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருக்கும் பட்டனில் ஒன்றைத் தைத்து, கீழே அளவும் நிறமும் எழுதி ஒட்டியிருக்கும். அந்த எழுத்து என்னுடையது. ஒன்பது வருடம் முன்னால், கோட்டுக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அக்கா இந்தக் கடையைத் திறந்தபோது, மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். அவள் எதையும் கிழித்திருக்கவில்லை. முந்நூறு லேபிளை யார் மாற்றுவது என்ற அலுப்பாகவும் இருக்கலாம்.

"வாங்க மேடம். என்ன வேணும்?"

மேடம்! கையில் சூடு போட்டிருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது.

கோட்டை நீட்டினேன். அவள் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தாள். பட்டன் நுழையும் துளையைக் காஜா என்பார்கள். அதில் விரலை விட்டுப் பார்த்தாள். மீதி மூன்று பட்டனையும் தடவினாள்.

"இந்த மாதிரி பட்டன் இப்ப வர்றதில்ல. வேற ஒண்ணைத் தேடிக் கொண்டுவந்து வெச்சா, இதுக்கு மட்டும் ஒட்டாம நிக்கும். கீழ இருக்கற கடைசி பட்டனைக் கழட்டி இங்க தச்சுக்குங்க. கீழ்ப்பட்டனை யாரும் பார்க்கமாட்டாங்க, அங்க புதுசு ஒண்ணு போட்டுக்கலாம். கீழ்க் காஜா கொஞ்சம் நெகிழ்ந்திருக்கு. அரை சுத்துப் பெருசாத் தரேன்."

நாலு பட்டன் விற்றிருக்கலாம். ஒன்று விற்றாள். நான் கேட்காமலேயே, கோட்டுக்கு இன்னும் இரண்டு குளிர்காலம் ஆயுள் இருக்கிறது என்றும் சொன்னாள். எனக்கு அக்காவை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது, அந்த இடத்தைவிட்டு ஓடிவிடலாம் போலவும் இருந்தது.

வீட்டில் அவள் சொன்னபடியே தைத்தேன். அப்படியே பொருந்தியது. ஒரு வாரமும் அந்தக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு திரிந்தேன். ஏழாம் நாள், வேலை முறை வேலை முறைதான் என்று, புதுப்பட்டனைப் பிரித்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"இது சரியா வரல."

அக்கா பட்டனை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். மேசை விளக்கைப் போட்டாள். ஊசிமுனையால் ஓட்டையிலிருந்து ஒரு இழையை இழுத்தாள். வெள்ளை நூல். பச்சை நூல் தேட எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

"தச்சு, ஒரு வாரம் போட்டுட்டு, பிரிச்சிருக்கீங்க. நல்லாப் பொருந்திச்சு, இல்ல?"

நான் இழுப்பறை லேபிள்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பரவாயில்ல மேடம். இங்க திருப்பி வாங்கிக்குவோம்." பணத்தை எடுத்து வைத்தாள். "உங்களை இந்தத் தெருவுக்கே தெரியும். ரிட்டர்ன் அம்மான்னு சொல்வாங்க. குடைக்காரர் உங்களுக்காகவே ஒரு குடை எடுத்து வெச்சிருப்பார். போன தடவை நீங்க வர லேட்டாச்சுன்னு, என்கிட்ட வந்து, உங்க தங்கச்சிக்கு உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டார்."

ஏழு வருடமாக மாறுவேடத்தில் உலவுவதாக நினைத்துக்கொண்டிருந்த எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பணத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பட்டியல் எழுத உட்கார்ந்தபோது ஒரு சந்தேகமும் இல்லை. பட்டன் கடைக்கு முதலிடம். அதற்குக் கீழே இன்னும் நாலு வரி சேர்த்தேன். இது என் உடன்பிறந்த அக்காவின் கடை. மூன்று வருடம் முன்னால் இந்த நகரத்தில் பட்டனுக்கு நல்ல கடை இல்லை என்று எழுதினேன். அது பொய் என்று தெரிந்தே எழுதினேன். பதினாலு வாசகர்கள் சொன்ன பிறகுதான் திருத்துகிறேன்.

ஆசிரியர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கடைசி நாலு வரியை எடுத்துடுங்க. கடை நல்ல கடை, போட்டுடலாம். யாருக்கும் ஒண்ணும் தெரியப்போறதில்ல."

"எடுக்கமாட்டேன் சார்."

"தெரிஞ்சே பொய் எழுதினேன்னு நீங்களே அச்சுல போட்டா, அதுக்கப்புறம் உங்க பட்டியலை எவன் நம்புவான்? இது வந்தா இந்தப் பகுதியை வேற யார்கிட்டயாவதுதான் கொடுக்கணும். யோசிச்சுக்குங்க."

யோசித்தேன். எனக்கு அந்த வேலை பிடிக்கும். கடை கடையாக ஏறி இறங்குவது பிடிக்கும், தப்புக் கண்டுபிடிப்பது அதைவிடப் பிடிக்கும். சமையல் குறிப்புகளைத் திருத்தும் மேசைக்கு அனுப்பிவிடுவார் என்பதும் தெரியும். வரிகளை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்படியே வந்தது. திங்கட்கிழமை என் மேசை சமையல் குறிப்புகளுக்குப் பக்கத்தில் இருந்தது.

அன்று மாலை பட்டன் கடைக்குப் போனேன். கடை கொள்ளாத கூட்டம். ஆளுக்கொரு சட்டையும் கோட்டுமாக வாசல்வரை வரிசை. எல்லார் கையிலும் துணி, என் கையில் ஒன்றும் இல்லை. என்றாலும் வரிசையில் நின்றேன். அக்கா இப்போது என்னைப் பார்த்துச் சிரிப்பாள், கட்டிக்கொள்வாள் என்றெல்லாம் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்காகப் பட்டியல் வேலையையே விட்டிருக்கிறேனே!

என் முறை வந்தது. கவுண்டரில் ஞாயிறு இணைப்பு மடித்து வைத்திருந்தது.

"துணி கொண்டுவரலையா?"

"இல்ல. அதைப் படிச்சியா?"

"படிச்சேன். நல்லா எழுதியிருக்கீங்க." அவள் இணைப்பை எடுத்து என் பக்கம் தள்ளினாள். குரல் கொஞ்சமும் உயரவில்லை. "ஊருக்கே சொல்லிட்டீங்க. என்கிட்ட மட்டும் இன்னும் சொல்லல."

எனக்குப் பின்னால் எட்டுப் பேர். பட்டியல் வேலை போன கதையைச் சொல்லலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால், இவ்வளவு கொடுத்துவிட்டேன், நீ மன்னிக்கத்தான் வேண்டும் என்று அவள் கழுத்தில் கத்தி வைப்பதாகிவிடும். விழுங்கிவிட்டேன். ஏழு வருடம் பக்கம் பக்கமாக எழுதியவளுக்கு, இரண்டு வார்த்தை எடுக்க நெஞ்சு வலித்தது.

"தப்புப் பண்ணிட்டேன் அக்கா. உன் கடை நல்ல கடைன்னு எனக்கு முதல் நாளே தெரியும். எனக்குப் பயம். உன்னைவிட என் பேரைப் பெருசா நினைச்சுட்டேன்."

அழுகை வந்துவிட்டது. பின்னால் நின்ற ஒரு பெரியவர், பட்டன் வாங்கக் கொண்டுவந்த சட்டையையே என்னிடம் நீட்டினார். கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான்.

அக்கா அவரிடமிருந்து அந்தச் சட்டையை வாங்கிக்கொண்டாள். கவுண்டரின் ஓரப் பலகையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தாள்.

"உள்ள வாடி," என்றாள். "வழியை மறிச்சுட்டு நிக்காத. அவங்களுக்கெல்லாம் நேரமாகுது."