ட்யூப் இன்னும் வரலைங்க

டி.வி. மெக்கானிக் பிழைப்புக்குப் பொய் சொல்லத் தெரிய வேண்டும். வராத சாமானை வந்துவிட்டது என்போம், தொடாத செட்டைப் பாதி முடித்துவிட்டோம் என்போம். ஆனால் வந்து இறங்கிய சாமானை வரவில்லை என்று சொன்ன மெக்கானிக், எனக்குத் தெரிந்து, இந்த அரியலூரில் நான் ஒருவன்தான்.

எண்பத்தெட்டாம் வருஷம், ஜனவரி மாத முதல் சனிக்கிழமை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் என் கடை. ஏலாக்குறிச்சியிலிருந்து விண்ணரசி டீச்சர் ஒரு டி.வி.யைக் கொண்டுவந்தாள். அதை சீட்டில் உட்கார வைத்துவிட்டு, தான் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். கண்டக்டர் ஒரு கை பிடிக்க, மேசை மேல் ஏற்றினோம்.

"பேசுதுங்க. படந்தான் வரலை."

பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். முன்பக்கக் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. பின்னால் பிக்சர் ட்யூப்பின் மெல்லிய கழுத்து முறிந்து கிடந்தது.

"யாரு டீச்சர் இதுக்குள்ள கை வச்சது?"

"எங்கப்பா. கிறிஸ்மஸுக்கு வெள்ளையடிச்சோம். டி.வி.க்குள்ள தூசி இருக்குன்னு மூடியைக் கழட்டி வெளக்கமாத்தால தட்டினாரு. உஸ்ஸுன்னு ஒரு சத்தம். பாம்பு பூந்துடுச்சுன்னு கம்பைத் தூக்கிட்டு வந்துட்டாரு."

அவளுடைய அப்பா அமிர்தசாமி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஊருக்கே பாடம் சொன்ன மனுஷன் விளக்கமாற்றால் டி.வி. பெருக்கியிருக்கிறார். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் நான் கெட்டேன்.

கழுத்து முறிந்து உஸ்ஸென்று காற்று புகுந்த ட்யூப்பை ஒட்ட முடியாது, புதிதாகத்தான் மாற்ற வேண்டும், திருச்சியிலிருந்து வர வேண்டும் என்று சொன்னேன். அதெல்லாம் உண்மை. அடுத்த சனிக்கிழமை வந்தாள். ட்யூப் வரவில்லை. அதுவும் உண்மை. திரும்பிப் போக ஒரு மணிக்குத்தான் பஸ் என்பதால் ஸ்டூலில் உட்கார்ந்து பரீட்சை நோட்டு திருத்தினாள். "மழை எங்கிருந்து வருகிறது?" என்ற கேள்விக்கு ஒரு பொடியன் பக்கத்து ஊரைச் சொல்லி, "திருமானூரிலிருந்து" என்று எழுதியிருந்தானாம். மார்க் போடலாமா என்று என்னைக் கேட்டாள். போடுங்கள், நான் பிறந்த வேப்பந்தட்டைப் பக்கம் அங்கிருந்துகூட வருவதில்லை என்றேன். போட்டாள்.

பொங்கல் முடிந்ததும் ட்யூப் வந்துவிட்டது. அட்டைப்பெட்டியின் மேல் "அமிர்தசாமி சார், ஏலாக்குறிச்சி" என்று நானே பேனாவால் எழுதினேன். சனிக்கிழமை காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, பெட்டியை மேசைக்கடியில் தள்ளி, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினேன். அவள் படியேறும்போதே சொன்னேன்:

"ட்யூப் இன்னும் வரலைங்க."

மாட்டினால் ஒரு மணி நேர வேலை. மாட்டிவிட்டால் அவள் இந்தப் பக்கம் வர மாட்டாள். ஏழு நாளில் ஆறு நாள் நான் செத்த பிணமாகக் கிடந்து, சனிக்கிழமை பதினொரு மணிக்கு உயிர் வந்த காலம் அது. பக்கத்து டீக்கடை ராசாங்கம் கிண்டல் செய்வான்: "ஏண்டா தர்மா, ட்யூப் திருச்சியிலேருந்து வருதா, சீமையிலேருந்து வருதா?"

ஒவ்வொரு வாரமும், இந்த வாரம் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். ட்யூப்பைப் பற்றி அல்ல. என்னைப் பற்றி. அவள் வந்து உட்கார்ந்ததும், டீ வாங்கி வரட்டுமா என்றுதான் வாயில் வரும். அவள் மாதா கோயில் பிள்ளை, டீச்சர், தலைமையாசிரியர் மகள். நான் ஊரான் காட்டில் கூலிக்குக் களை எடுத்த பூமாலையின் மகன். இதை நினைத்ததும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வரும். ஆத்திரத்தில் யாருடைய ரேடியோவையாவது பிரித்துப் போடுவேன். இப்படியே மூன்று சனிக்கிழமை அதே பொய்.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை வந்தவள் உட்காரவில்லை.

"ட்யூப் இன்னும்…" என்று ஆரம்பித்தேன்.

"வந்து மூணு வாரம் ஆச்சுன்னு எனக்குத் தெரியும்ங்க. பொங்கல் கழிச்சு வந்த அன்னைக்கே, நீங்க டீ வாங்கப் போனப்ப, பையை வைக்கலாம்னு சாக்கை நவுத்தினேன். எங்கப்பா பேரு இருந்துச்சு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"அப்ப ஏன் டீச்சர் கேக்கலை?"

"நீங்க ஏன் சொல்லலை?"

அவள் கேட்டது பெட்டியைப் பற்றி இல்லை என்பது அந்த நிமிஷமே புரிந்தது. வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"வரதராசன்பேட்டையில மாப்பிள்ளை. அவரும் வாத்தியாருதான், நல்லவருதான். நாளைக்கு மூணாவது ஓலை."

கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசித்து, தடை தெரிந்தவர்கள் உண்டா என்று கேட்பார்கள். இதை எனக்குச் சொன்னவளே அவள்தான், ஏதோ பேச்சு வாக்கில். இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. நான் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன், அங்கே நாள் என்னைக் கடந்துகொண்டிருந்தது.

"இப்பச் சொன்னா?" என்றேன்.

"மொத ஓலைக்கு முன்னாடி சொல்லியிருந்தா நான் எங்கப்பாகிட்ட நின்னு பேசியிருப்பேன். இப்ப அவரு வாக்குக் குடுத்துட்டாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ட்யூப்பை மாட்டுங்க. அம்மாவும் இல்லை. நானும் போயிட்டா வூட்ல அவருக்கு இதுதான் பேச்சுத் துணை."

மாட்டினேன். ஐந்து வாரம் இழுத்த வேலை முக்கால் மணியில் முடிந்தது. புது ட்யூப்பின் கழுத்தில் காயில் கம்பிச்சுருளை ஏற்றி, படம் சாயாமல் திருப்பி வைத்து, ஸ்விட்சைப் போட்டேன். அந்த நேரத்துக்கு நிகழ்ச்சி ஏதுமில்லை. வெள்ளைப் புள்ளிகள் இரைந்தன. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மணி பஸ்ஸில் டி.வி.யை ஏற்றிவிட்டேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நானும் ஏறியிருப்பேன்.

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து ஏலாக்குறிச்சிக்குப் போனேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. கோயிலில் கடைசி வரிசைக்கும் பின்னால், தூணோரம் நின்றேன். சாமியார் வாசித்தார்: அமிர்தசாமி, காலஞ்சென்ற தெரசம்மாள் இவர்களின் மகள் விண்ணரசிக்கும், வரதராசன்பேட்டை ஆரோக்கியசெல்வத்துக்கும், இது மூன்றாம் ஓலை. தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும்.

அறிந்தவன் நின்றுகொண்டுதான் இருந்தேன். ஆனால் ஒருவன் அவளுக்காக உருகிச் சாகிறான் என்பதை எந்தச் சாமியாரும் தடையாக எழுதிக்கொள்ள மாட்டார். வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

வாசலில் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பின்னால் விண்ணரசி, முக்காட்டுக்குள் முகம் வெளுத்து நின்றாள்.

"மெக்கானிக் தம்பிதானே? பாப்பா இப்பத்தான் உங்களைக் காட்டுச்சு. படத்துல ஒரே புள்ளியா இருக்குதுன்னு கவலைப்பட்டுக்கிட்டு இருந்தேன், நீங்களே வந்துட்டீங்க! வெள்ளையடிச்சவன் ஆன்டெனாவைத் திருப்பிவுட்டுட்டான்."

"அதுக்குத்தாங்க சார் வந்தேன்," என்றேன். பொய் சொல்வது எனக்கென்ன புதிதா?

அவர் வீட்டில் ஏணி போட்டு ஓட்டுக்கூரை ஓரம் ஏறி, ஆன்டெனாக் கம்பத்தைப் பிடித்தேன். உள்ளே சார் டி.வி. முன்னால் உட்கார்ந்தார். அவர் சொல்வதை எனக்குக் கேட்கிற மாதிரி சொல்ல விண்ணரசி வாசலில் நின்றாள். திருச்சிப் பக்கமாகக் கொஞ்சம் திருப்பினேன்.

"தெரியுதா டீச்சர்?"

"இன்னும் தெரியலை."

மறுபடி ஒரு விரற்கடை திருப்பினேன். உள்ளே பாட்டுச் சத்தம் தெளிவாக வந்தது.

"இப்ப?"

"தெரியலை."

"என்னம்மா சொல்ற?" உள்ளேயிருந்து சாரின் குரல் சந்தோஷமாகக் கேட்டது. "கண்ணாடி கணக்கா தெரியுது! போதும், தம்பியை எறங்கி வரச் சொல்லு."

அவள் உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை. ஏணியின் மேல் நின்ற என்னையே பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"இன்னும் தெரியலைங்க," என்றாள். "கொஞ்சம் இருங்க."