கேட்டுக்கு வெளியே சம்பந்தி

“வந்த விருந்தாளிக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கணும்னாகூட கையில பட்டை இருக்கான்னு பாப்பீங்களா?”

“தண்ணி தரலாம் சார். அதோ அந்த டிரம்முல இருக்கு, டம்ளரும் இருக்கு. உள்ள விடத்தான் முடியாது.”

“நான் யாருன்னு தெரியுமா உனக்கு?”

“ரூம் நம்பர் சொன்னீங்கன்னா பாத்துச் சொல்றேன் சார்.”

காவலாளி கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே பார்த்துச் சொல்லத் தயாராக இருந்தார். அதில்தான் குழாய்க்காரருக்கு இன்னும் கோபம் ஏறியது.

எங்கள் தெருவில் குழாய், பேசின், ஷவர் விற்கும் கடை அவருடையது. புதிதாகத் திறந்த இந்தக் கடற்கரை விடுதியின் குளியலறைகளுக்கெல்லாம் குழாய் கொடுத்தவர் அவர்தான். வேலை சுத்தமாக முடிந்த சந்தோஷத்தில் விடுதி முதலாளி, ‘குடும்பத்தோட வந்து நாலு நாள் தங்கிட்டுப் போங்க’ என்று சொல்லியிருந்தார். சாப்பாடு, குளிர்பானம், நீச்சல் குளம், படகுச் சவாரி எல்லாம் அதில் அடக்கம். மணிக்கட்டில் நீலப் பட்டை ஒன்றை மாட்டிவிட்டால் அப்புறம் பர்ஸைத் தொட வேண்டாம். முதலாளி சொன்னது ஒரே ஒரு வரி. குழாய்க்காரர் வாயில் அது ஊறி உப்பி, தெருமுனை வருவதற்குள் ‘நம்ம இடம் மாதிரிதான்’ ஆனது. சம்பந்தம் பேச வந்தவர்களிடம் போனபோது ‘மாதிரி’யும் உதிர்ந்துவிட்டது.

சம்பந்தம்தான் இங்கே விஷயம். அவருடைய ஒரே மகள் பல் டாக்டர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறாள். மூக்குக் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கண்ணாடிக் கடைக்காரப் பையனோடு பேச்சாகி, பேச்சு பழக்கமாகி, இனி வேறு யாரையும் கட்டுவதில்லை என்று இரண்டு பேரும் முடிவுக்கு வந்திருந்தார்கள். இதற்கு முன் வந்த இரண்டு வரன்கள் அப்பாவின் வாயால் போனவை என்பது தெருவின் தீர்ப்பு. இல்லாத மாடிக்கு வாடகை வருவதாக ஒரு வீட்டாரிடம் சொன்னார். அவர்கள் மாடிப்படியைத் தேடிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அப்போது மகள் கவலைப்படவில்லை. இந்த முறை, “அப்பா, தயவுசெஞ்சு கொஞ்சமாப் பேசுங்க” என்று கெஞ்சியிருந்தாள்.

பையனின் அம்மா ரிட்டயரான ஹெட்மிஸ்ட்ரஸ். கணவர் போன பிறகு தனியாளாக மகனை வளர்த்தவள். “பொண்ணு எனக்குப் பிடிச்சிருக்கு. வீடு எப்படின்னு ஒரு தடவை பாத்துட்டா முடிச்சிரலாம்” என்றாள். வீட்டைப் பார்க்கிறேன் என்றவளைத்தான் இந்த மனுஷர் கடற்கரைக்கு மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னார். பட்டை இல்லாதவருக்கு உள்ளே ஒரு டீகூடக் கிடையாது என்பது பாவம் அவருக்குத் தெரியாது. விருந்தாளிகளுக்குக் காசு கட்டிச் சாப்பாடு போடலாம் என்றாலும் அதற்கான ஏற்பாட்டை விடுதி இன்னும் ஆரம்பிக்கவில்லையாம்.

கேட்டுக்கு வெளியே ஒரு சிமெண்டு பெஞ்சு. அதில் ஹெட்மிஸ்ட்ரஸ், பக்கத்தில் பையன், ஓரத்தில் பையனின் சித்தப்பா. கம்பிக்கு அந்தப் பக்கம் பச்சைப் புல், குடை நட்ட நாற்காலிகள், ஈரத் தலையோடு நடமாடும் மனிதர்கள்.

“கடலைப் பாக்கலாமா, இல்ல அதுக்கும் பட்டை கேப்பாங்களா?” என்றார் சித்தப்பா.

“சும்மா இருங்க கொழுந்தனாரே” என்றாள் ஹெட்மிஸ்ட்ரஸ். சிரிக்கவில்லை.

குழாய்க்காரரின் மனைவி உள்ளே போய்க் கைப்பையில் மூன்று வாழைப்பழத்தைப் பதுக்கிக்கொண்டு வந்தாள். காவலாளி அதைப் பார்த்துவிட்டு மரத்தில் இருந்த காக்கையைக் கவனிக்கத் தொடங்கினார். “அண்ணி, இதையாவது சாப்பிடுங்க” என்று அவள் நீட்டியபோது அவளுக்குக் கை கூசியது. ஊருக்கே ஆக்கிப் போடுகிற கை அது.

“மேனேஜரைப் பாத்துட்டு வர்றேன்” என்றார் குழாய்க்காரர். “ரெண்டு நிமிஷம் சம்பந்தியம்மா.”

ஹெட்மிஸ்ட்ரஸ் இன்னும் சம்பந்தியம்மா ஆகவில்லை. மகள் கண்ணை மூடித் திறந்தாள்.

மேனேஜர் ஒரு இளம்பெண். அவரை உட்காரச் சொல்லி, முதலாளிக்குப் போன் போட்டாள். முதலாளி எடுக்கவில்லை. “மீட்டிங்ல இருப்பாரு சார், அவரே கூப்பிடுவாரு. அதுவரைக்கும் டைனிங் ஹால்ல இருங்க, ஏசி இருக்கு” என்றாள். ஏசி இருக்கிற இடத்தில் உட்காருவதில் தப்பில்லை என்று அவருக்குப் பட்டது. வெளியே நின்று வேர்த்தால் மட்டும் அவர்களுக்குக் காற்று வீசப் போகிறதா?

உட்கார்ந்ததும் சர்வர் தட்டை வைத்தான். வேண்டாம் என்றால் அந்தப் பையன் மனசு கஷ்டப்படும். சூப்பை மட்டும் குடிக்கலாம் என்று குடித்தார். முதலாளி கூப்பிடவில்லை. மீன் இருந்த மேசைக்கு ஒரு நடை போய், விருந்தாளிகள் உள்ளே வந்தால் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லதுதானே என்று ஒரு துண்டு எடுத்தார். ஒரு துண்டை வைத்து மீனை எடைபோட முடியாது. இரண்டாவது துண்டுக்குச் சோறு தேவைப்பட்டது. கை கழுவும் இடத்தில் அவர் கொடுத்த குழாய்கள் வரிசையாக மின்னின. திறந்து மூடிப் பார்த்தார், சொட்டவில்லை. அந்தப் பெருமையில் ஐஸ்கிரீம் பக்கம் போனார். வெளியே இருப்பவர்கள் ஞாபகம் அவருக்கு வராமல் இல்லை. வந்தது, ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் வந்தது. வாய் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம்தான் முதலாளி கூப்பிட்டார். “நம்ம ஆளுங்கதானே, விடுங்க” என்றாராம். மேனேஜர் மூன்று நீலப் பட்டைகளைக் கொடுத்தாள். குழாய்க்காரர் அவற்றைக் கொடிபோல ஆட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தார். பெஞ்சில் வாழைப்பழத் தோல் மட்டும் இருந்தது.

“எல்லாரும் போயிட்டாங்க சார்” என்றார் காவலாளி. “உங்க வீட்டம்மா, பாப்பா, அவங்களும்தான். ரெண்டு பேரும் பட்டையை வெட்டிக் குடுத்துட்டுப் போனாங்க.”

மனைவிக்குப் போன் போட்டார்.

“பெட்ரோல் பங்குக்குப் பக்கத்துல ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கு, அங்கதான் இருக்கோம். பசியில அண்ணிக்குத் தலை சுத்திருச்சு. நீங்க சாப்பிட்டீங்களா?”

கேள்வி சாதாரணக் கேள்வி. பதிலும் யோசிக்காமல் வந்துவிட்டது. “எங்க சாப்பிட்டேன்? இவங்களோட மல்லுக்கட்டவே சரியாயிருக்கு.”

அவர் போய்ச் சேர்ந்தபோது தகரக் கூரைக்கடியில், எண்ணெய்ப் பிசுக்குள்ள மேசையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு சுமுகமாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் இல்லாததால் ஓடியது என்று பிற்பாடு சித்தப்பாவே சொன்னார். ஹெட்மிஸ்ட்ரஸ் முகத்தில் கடுப்பு போயிருந்தது.

“வாங்கண்ணா. எங்களுக்காகப் பட்டினி கிடந்துட்டீங்களே” என்று எழுந்தாள். தானே ஒரு தட்டை எடுத்து, கடைக்காரரிடமிருந்து கரண்டியை வாங்கி, சோறு போட்டாள். மலையாகப் போட்டாள். குழம்பை ஊற்றினாள்.

“போதும் சம்பந்தியம்மா.”

“காலையில இருந்து அலையறீங்க. சாப்பிடுங்க.”

சாப்பிட்டார். முதல் சில கவளங்கள் இறங்கின. அப்புறம் ஒவ்வொன்றும் வழி கேட்டுக் கேட்டுப் போனது. நெற்றியில் வேர்வை. தட்டில் இடம் தெரிந்தபோதெல்லாம் அவள் நிரப்பினாள். முதலில் அது உபசாரம்தான். பாதியில் ஹெட்மிஸ்ட்ரஸின் பார்வை அவர் சட்டைப் பைக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றது. இளஞ்சிவப்பில் ஒரு ஐஸ்கிரீம் சொட்டு, ஓரம் காய்ந்திருந்தது. வீட்டுப்பாட நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்ததாகச் சொன்ன எத்தனை பிள்ளைகளைப் பார்த்தவள். இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

“அண்ணா, உள்ள சாப்பாடெல்லாம் எப்படி? பாத்தீங்களா?”

“எங்க பாத்தேன்” என்றார். விக்கியது.

பையன் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மனைவிக்குப் புரிந்துவிட்டது, தலையைக் குனிந்துகொண்டாள். இந்த இடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினால் எல்லாம் முடிந்தது. அவள் கரண்டியைக் கீழே வைக்கவும் செய்தாள்.

“அத்தை, அவருக்குப் போடாதீங்க” என்றாள் மகள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “அப்பா சாப்பிட்டுட்டுதான் வந்திருக்காரு. வயிறு நிறைஞ்சா இப்படித்தான் மூக்கால மூச்சு விடுவாரு. நீங்க பசியோட வெளிய உக்காந்திருந்தப்ப உள்ள சாப்பிட்டிருக்காரு. பொய்யும் சொல்றாரு. எங்க வீடு எப்படின்னு பாக்கணும்னு சொன்னீங்கல்ல? இப்படித்தான். அம்மாவும் நானும் இவரைச் சமாளிச்சுதான் குடும்பம் நடத்தறோம்.”

குழாய்க்காரர் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை.

ஹெட்மிஸ்ட்ரஸ் அந்தப் பெண் பக்கம் திரும்பினாள்.

“உங்கப்பாவை இப்படி நாலு பேர் முன்னால சொல்லலாமா?”

“சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனா நீங்க ஏற்கனவே கண்டுபிடிச்சிட்டீங்க அத்தை. எல்லாரும் தெரியாத மாதிரி உக்காந்திருந்தா, நாளைக்கு நானும் அப்படித்தான்னு நினைப்பீங்க.”

“அண்ணி, பேசாம இந்தப் பொண்ணையே ஹெட்மிஸ்ட்ரஸ் ஆக்கிரலாம்” என்றார் சித்தப்பா. பையன் சிரித்துவிட்டு, அம்மாவைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினான்.

ஹெட்மிஸ்ட்ரஸ் உட்கார்ந்தாள். குழாய்க்காரரின் மனைவி பக்கம் திரும்பி, “உங்க வீட்டுக்கு எப்ப வரலாம் அண்ணி? சாப்பாடெல்லாம் வேண்டாம், காபி போதும்” என்றாள். அவரை அவள் கேட்கவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகு நாள் குறித்தபோதும் மண்டபம் பார்த்தபோதும் கேட்கவில்லை.

மிச்ச நாட்களைக் குழாய்க்காரர் விடுதியில் தனியாகத்தான் கழித்தார். அறையைக் காலி செய்துவிட்டு வரலாமே என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். “முதலாளி தப்பா நினைப்பாரு” என்றாராம்.

மழைக்காலம் முடிந்ததும் கல்யாணம் நடந்தது. பந்தியை மனைவியும் ஹெட்மிஸ்ட்ரஸும் சேர்ந்து கவனித்தார்கள்; அவரை மேடையிலேயே உட்கார வைத்திருந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் வேறு ஊரில் இரண்டாவது கண்ணாடிக் கடை திறந்து அங்கேயே போய்விட்டார்கள். ஹெட்மிஸ்ட்ரஸும் கூடப் போனாள். மகளின் பிரசவத்துக்கு என்று போன குழாய்க்காரரின் மனைவி, குழந்தை நடக்கத் தொடங்கிய பிறகும் வந்து வந்து போகிறாளே தவிர, நிலையாகத் திரும்பவில்லை. சம்பந்திகள் இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சமைக்கிறார்களாம்; அது எத்தனை நாளைக்கு என்று தெரு காத்திருக்கிறது. சித்தப்பா மட்டும் இந்த ஊரிலேயே தங்கி, குழாய்க்காரர் வீட்டின் பின்பக்க அறைக்குக் குடி வந்துவிட்டார். இப்போதெல்லாம் அவருக்குக் கொஞ்சம் காது மந்தம். அதனால் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகிறது.