எட்னா சொன்ன "வேண்டாம்"

யார்க்ஷயர் மலையடிவாரத்தில் இருந்தது அந்த ஆஸ்பத்திரி. புத்தி மந்தம் என்று ஊர் முத்திரை குத்தியவர்களை அடைத்துவைக்கக் கட்டியது. பள்ளிக்கூடத்தில் கணக்கு ஏறவில்லை என்று சிறுமியாக உள்ளே வந்த எட்னாவுக்கு இப்போது தலை முழுக்க நரை. அங்கே அவள் கற்ற பாடம் ஒன்றே ஒன்றுதான்: யார் எதைக் கேட்டாலும் "சரி" என்றுவிட வேண்டும். "வேண்டாம்" என்றவர்கள் பட்ட பாட்டை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

எண்பதுகளில் அரசாங்கத்துக்குத் திடீரென்று ஞானோதயம். ஆஸ்பத்திரியை மூடுகிறார்களாம், எல்லோருக்கும் ஊருக்குள் இடமாம். கோலின் என்ற இளம் அதிகாரி பிஸ்கட் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்தான்.

"விட்பியில உங்களுக்குத் தனி ரூம் பார்த்திருக்கோம், எட்னா. ஜன்னலைத் திறந்தா கடல். போறீங்களா?"

"சரிங்க சார்."

"சார் எல்லாம் எதுக்கு? கோலின்னே கூப்பிடுங்க."

"சரிங்க சார்."

"மகாராணிக்குக் கடல் பார்த்த ரூமு! எனக்கே கிடைக்கல," என்று சிரித்தாள் வார்டு பொறுப்பாளர் சிஸ்டர் கார்வி. "மேவிஸுக்குத்தான் எங்கேயோ தூரத்துல, லீட்ஸ்ல போட்டிருக்காங்க."

மேவிஸுக்குப் பேச்சு கிடையாது, கரண்டி பிடிக்கவும் வராது. எட்னா ஊட்டினால்தான் வாயைத் திறப்பாள். நர்ஸுகள் ஊட்டினால் அவர்கள் முகத்திலேயே துப்புவாள். அதில் எட்னாவுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை. எதற்குத் தலையாட்டினோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை.

கிளம்பும் நாள் காலை, வேன் வாசலில் வந்து நின்றபோது எட்னா மேவிஸுக்கு ஓட்ஸ் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"போதும் கண்ணு, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன். வண்டியில ஏறு," என்றாள் சிஸ்டர்.

"வேண்டாம்."

சொன்ன குரல் எட்னாவுக்கே யாருடையதோ போலிருந்தது. எட்னா மேவிஸின் வாயைத் துடைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே கூடத்துக் கோடிக்கு விறுவிறுவென்று நடந்தாள். அந்தக் காலத்தில் அடங்காதவர்களைப் போட்டுப் பூட்டிய அறை அங்கே இருந்தது. இப்போது அதில் துடைப்பமும் வாளியும்தான். ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, கதவைத் தானே சாத்திக்கொண்டாள்.

கோலின் ஓடிவந்து கதவைத் திறந்ததும் எழுந்து நின்றாள்.

"எத்தனை நாள் சார்? அதுவரைக்கும் சாப்பாட்டு நேரத்துக்கு மேவிஸை மட்டும் இங்க கூட்டிட்டு வாங்க. பட்டினி கிடப்பா."

கோலின் கதவை அகலத் திறந்து பிடித்தான். பாவம், நல்ல பையன்.

"நாளும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெளிய வாங்க. உங்க ரெண்டு பேரையும் நான் பிரிக்க மாட்டேன், சத்தியமா. பிடிக்கலன்னா வேண்டாம்னு சொல்லலாம், எட்னா. யாரும் பூட்ட மாட்டாங்க."

"சொல்லலாமா? எப்பலேருந்து?"

"அதெல்லாம் விட்டு எத்தனையோ வருஷமாச்சே, கண்ணு," என்றாள் பின்னாலேயே வந்த சிஸ்டர்.

எட்னா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்ககிட்ட யாரும் சொல்லலையே, சிஸ்டர்."