தொண்ணூற்றாறு

"தொண்ணூத்தாறுப்பா" என்று சொல்லிவிட்டு, அப்பாவின் விரலில் மாட்டியிருந்த கிளிப்பை அவசரமாகக் கழற்றினாள் மகள். அதன் சின்னத் திரையில் எழுபத்தெட்டு என்று இருந்தது. இரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் கருவி அது. தொண்ணூறுக்குக் கீழே போகவே கூடாதாம்.

அறை வாசலில் நின்ற அம்மா கண்ணாலேயே 'சரி' என்றாள். உத்தரவே அவளுடையதுதான். இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் அனுப்பிவைத்த அன்றே மகளைச் சமையலறைக்கு இழுத்துப்போயிருந்தாள்.

"நம்பர் தெரிஞ்சா மனசு விட்டுடுவாருடி. என்ன காட்டினாலும் தொண்ணூத்தாறுன்னே சொல்லு. எம்மேல சத்தியம்."

மகள் ஒப்புக்கொண்டாள். ஆனால் பொய் சொல்ல வேண்டியது யாரிடம்? பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தியே ஆயுளைக் கழித்த மனுஷனிடம். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'ஏன் சார்'. மகள் கல்யாணத்தன்று மண்டபத்தில் கரண்ட் போனபோது, சம்பந்தி வீட்டாரை அம்போவென்று விட்டுவிட்டு, ஃப்யூஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நாலு பொடிசுகளைக் கூட்டிவைத்துப் பாடம் எடுத்தவர். இந்தக் கிளிப் வந்த அன்றும், விரலைக் குத்தாமல் இரத்தத்தை எப்படி அளக்கிறது என்று வீட்டுக்கு வந்துபோகும் நர்ஸைக் குடைந்து எடுத்துவிட்டார். அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. மூச்சு வாங்க வாங்க மகளின் போனில் தேடிப் படித்து, சிவப்பு வெளிச்சம் நகத்தின் வழியே போய் வரும் கதையை மறுநாள் நர்ஸுக்கே சொல்லிக்கொடுத்தார். சாகக் கிடக்கும்போது இவ்வளவு சந்தோஷமா என்று மகளுக்குக் கோபம்கூட வந்தது.

இப்போது திரையைப் பார்க்கத் தலையைத் தூக்கவும் அவரால் முடியவில்லை.

"கிட்ட வா" என்றார். ஆக்ஸிஜன் மெஷினின் இரைச்சலில் குரல் பாதிதான் கேட்டது. "நேத்தும் தொண்ணூத்தாறு. காலைல தொண்ணூத்தாறு. இப்பவும் அதே."

"நல்லதுதானேப்பா."

"லேப்ல சில பசங்க... எத்தனை தடவை ஊசலை ஆட்டினாலும் ஒரே ரீடிங்கை எழுதிட்டு வருவாங்க." நிறுத்தி மூச்சை இழுத்தார். "நிஜமா அளந்தா முன்னபின்ன வரும்மா. அச்சடிச்ச மாதிரி வந்தா, அளக்கவே இல்லைன்னு அர்த்தம்."

கொஞ்சம் மாற்றி மாற்றிச் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று மகளுக்குத் தோன்றியது. தோன்றியதற்கே வெட்கமாக இருந்தது. அம்மா வாசலிலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"திரும்ப மாட்டு."

மாட்டினாள்.

"எவ்வளவு?"

அம்மா இருந்த பக்கம் அவள் திரும்பவில்லை.

"எழுபத்தாறுப்பா."

அம்மா அப்படியே கதவில் சாய்ந்துவிட்டாள். அப்பா கண்ணை மூடினார். போச்சு, நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தாள் மகள்.

"நான் எழுபதுன்னு நெனச்சேன்" என்றார் அப்பா. உதட்டோரம் சிரிப்பு இருந்தது. "கொஞ்சம் கழிச்சுப் பாரு. எழுபத்திரண்டு வரும்."

எழுபத்துநாலு வந்தது. சொன்னாள். "அடடா" என்றார், பந்தயத்தில் தோற்றவர் மாதிரி. அதற்கப்புறம் அவர் ஊகிப்பதும் அவள் பார்த்துச் சொல்வதுமாக மதியம் போயிற்று. ஒருமுறை ஊகம் அச்சாகப் பலித்தது. அவர் அவளுடைய கையை அழுத்திய அழுத்தலில், இந்த மனுஷனிடமா இத்தனை நாள் பொய் சொன்னோம் என்று அவளுக்கு அழுகை முட்டியது.

"அப்பனுக்கும் மகளுக்கும் பைத்தியம்" என்று முணுமுணுத்தபடி அம்மா உள்ளே வந்து, கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டாள்.

வெயில் இறங்கியபோது அவர் ஊகம் சொல்வதை நிறுத்தியிருந்தார். மகள் மட்டும் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் நிறுத்தினாள்.

"என்னடி, எவ்வளவு?"

"ஒண்ணும் வரலம்மா. கோடுதான் வருது."

"சரியா மாட்டு."

வேறு விரலில் மாட்டினாள். அதிலும் கோடுதான்.

"மெஷின் கெட்டுப்போயிருக்கும். குடு இங்க."

அம்மா கிளிப்பைப் பிடுங்கித் தன் விரலில் மாட்டிக்கொண்டாள். இருவரும் குனிந்து பார்த்தார்கள். சிவப்பு வெளிச்சம் எரிந்தது. திரையில் கோடு மறைந்து, தொண்ணூற்றெட்டு என்று வந்தது.

அம்மா கிளிப்பைக் கழற்றவில்லை.