பவுன் பிடிக்கும் இடம்

முப்பத்தொரு வருடம் கட்கியில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு அளவு பார்க்கிற வேலை. மற்றவர்கள் செய்து அனுப்பும் பாகத்தைக் கருவியில் வைத்துப் பார்த்து, சரி என்றால் ஒரு தட்டிலும் தப்பு என்றால் இன்னொரு தட்டிலும் போடுவேன். ஒரு தலைமுடி கனம் கூடியிருந்தாலும் விடமாட்டேன். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் புத்தி வீட்டுக்கு வந்துவிட்டது. தோசை ஒரு பக்கம் தடிமனாக இருக்கிறது என்று ஒருநாள் சொல்லப்போய், பவுன் என் கையில் கரண்டியைத் திணித்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். இத்தனை அளக்கத் தெரிந்தவன் எத்தனை பெரிய முட்டாளாகவும் இருக்கலாம் என்பதற்குத்தான் இந்தக் கதையைச் சொல்கிறேன்.

பவுன் என் மனைவி. போபோடியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி இருக்கும் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தாள். பெண்பிள்ளைகளைத் துப்பாக்கி சுடும் கிளப்புக்கு அழைத்துப்போய்க் கூட்டிவருவது அவள் பொறுப்பு. ஒரு பிள்ளை வராத நாளில், சும்மா கிடந்த ஏர் ரைஃபிளை எடுத்துச் சுட்டுப் பார்த்திருக்கிறாள். ஐந்து குண்டில் நான்கு கறுப்பு வட்டத்துக்குள். அப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. ஊரில் எல்லார் பெண்டாட்டியும் வளையல் கேட்டால், என் பெண்டாட்டி ரைஃபிள் கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன். போன வருடம் வரைக்கும் எட்டு வருடம், மாதத்தின் முதல் ஞாயிறு கிளப் போட்டிக்கு அவள் போகாமல் இருந்ததில்லை.

அந்த ரைஃபிளில் ஒரு சங்கதி இருக்கிறது. அடிப்பாகத்தைத் தொடைமேல் ஊன்றி, வலது கையால் பிடித்துக்கொண்டு, இடது கையால் குழலின் நுனியைப் பிடித்துக் கீழே மடக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அமுங்கி 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். பிறகு குண்டை வைத்து, குழலை நிமிர்த்திச் சுட வேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் ஓர் இழுப்பு. இருபது குண்டு என்றால் இருபது இழுப்பு.

போன வருடம் பவுனுக்கு இடது மார்பில் கட்டி வந்தது. எடுத்துவிட்டார்கள். அக்குளிலும் கை வைத்தார்கள். உயிர் பிழைத்தாள், அதற்கு எந்தச் சாமிக்கு வேண்டுமானாலும் நான் மொட்டை போடத் தயார், தலையில் முடிதான் இல்லை. ஆனால் இடது கை தோளுக்கு மேலே சரியாக எழும்பவில்லை. தினமும் காலையில் சுவரைப் பார்த்து நின்று, விரல்களைப் பல்லி மாதிரி மேலே ஏறவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சமையலறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் அவள் விரல் ஏறுவாள். எட்டிய இடத்தில் நான் பென்சிலால் கோடு போட்டு, தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று தேதியோடு எழுதுவேன். நூற்று இருபத்தாறில் தொடங்கி நூற்று நாற்பத்தொன்று வரைக்கும் வந்திருந்தாள். அங்கேயே ஒரு மாதமாக நின்றது.

"ரைஃபிள் பழசு, உள்ள துரு புடிச்சி கனமா ஆயிடுச்சி. வேற ஸ்பிரிங் போட்டா லேசா வரும்," என்று நான்தான் ஆரம்பித்தேன்.

"சும்மா சொல்லாதீங்க. அது அப்படியேதான் கீது. நாந்தான் மாறிப்பூட்டேன்," என்றாள்.

விடுவேனா? பெட்டியைத் தூக்கி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று வீட்டில் இருந்தது. அதைக் குழலின் நுனியில் மாட்டி இழுத்தேன். பதினாறு கிலோ. எழுதிக்கொண்டு சிஞ்ச்வட் போனேன்.

சிஞ்ச்வடில் ஸ்டீபன் என்று நம்ம ஊர்க்காரர், சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். ஏர் ரைஃபிளுக்கு ஸ்பிரிங், அதன் உள்ளே நிற்கும் கம்பி, காற்று கசியாத வளையம் எல்லாவற்றையும் ஒரு செட்டாகச் செய்து விற்பார். மேசைமேல் இரண்டு செட்டை எடுத்து வைத்தார். ஒன்று மிதமான இழுப்பு, நுனியில் பன்னிரண்டு கிலோ வரும். இன்னொன்று ரொம்ப மெத்து, எட்டு கிலோதான்.

"எட்டுல குண்டு போய்ச் சேருமா? வழியில டீ குடிச்சிட்டு போவும் போலகீதே," என்றேன்.

"காயிதத்துல ஓட்ட வுழுந்தா போதும் சார். பத்து மீட்டர்தானே. அது சரி, யாருக்கு? அவங்க குழல எங்க புடிச்சி இழுப்பாங்க?"

"எங்க புடிக்கணுமோ அங்கதான் புடிப்பாங்க! எனக்கே அளவு சொல்லித் தர்றீங்களா?" என்று எரிந்து விழுந்தேன். மனிதர் பாவம், நான் கை காட்டிய பன்னிரண்டு கிலோ செட்டைக் கட்டிக் கொடுத்தார். பதினாறிலிருந்து பன்னிரண்டு. கால்வாசி குறைந்துவிட்டது என்று பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். வீட்டில் மாட்டி, கொக்கித் தராசில் பார்த்தேன். பன்னிரண்டு, துளி பிசகவில்லை.

"மொதல்ல வூட்டுல இழுத்துப் பாரு," என்றேன்.

"அங்கயே பாத்துக்கறேன்," என்றாள். அவளுக்குப் பயம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. வீட்டில் இழுத்து வராமல் போனால், கிளப்புக்குப் போகவே மனசு வராது என்று நினைத்திருக்கிறாள்.

முதல் ஞாயிறு வந்தது. பதினொரு மாதத்துக்குப் பிறகு பவுன் சுடுகிற இடத்தில் நின்றாள். குழலைப் பிடித்தாள், இழுத்தாள். பாதி வந்து நின்றது. திரும்ப இழுத்தாள். முகம் சிவந்ததுதான் மிச்சம். பக்கத்து வரிசையில் இருந்தவர்கள் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். கிளப் செயலாளர் கேஷவ்ராவ், எழுபது வயது, தங்கமான மனிதர், ஓடிவந்தார். "தாயீ, இகடே த்யா," என்று கை நீட்டினார். மராத்தியில் இங்கே கொடுங்கள் அக்கா என்று அர்த்தம். அவரே இழுத்துப் பூட்டிக் கொடுத்தார். இருபது குண்டுக்கும் அவரே இழுத்தார். பவுன் இருநூறுக்கு நூற்று அறுபத்தொன்று எடுத்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். அவள் எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ரைஃபிளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"வித்துடுங்க."

"நூத்தி அறுவத்தொண்ணு எடுத்துகீற, பவுனு."

"எடுத்தது நான் இல்ல. பாதி அவருது. கண்ணு மட்டும் என்னுதா இருந்தா போதுமா? கைதான் செத்துப்போச்சி, அது எனக்குத் தெரியும். நீங்க ஏன் அத்த ஊருக்குக் காட்டுனீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை, ஸ்டீபன்மேல். பன்னிரண்டு கிலோ என்று ஏமாற்றிவிட்டான் என்று. ஆனால் பன்னிரண்டு என்று அளந்தது நான்தானே. என்ன செய்வது, திட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் வாசலில் போய் நின்றேன்.

மறுநாள் காலையில் அவள் வழக்கம்போலச் சுவரில் விரல் ஏறினாள். மனசு விட்டுப்போனாலும் அதை விடவில்லை. நூற்று நாற்பத்தொன்றில் வந்து நின்றது. பென்சிலோடு குனிந்தவனுக்கு, குழலின் நுனி இதைவிட உயரமாயிற்றே என்று அப்போதுதான் தோன்றியது. கட்டிலுக்கு அடியிலிருந்து ரைஃபிளை இழுத்துக்கொண்டு வந்து, "தொடமேல ஊனிப் புடி," என்றேன்.

"வித்துடச் சொன்னேன் இல்ல?"

"விக்கறேன். ஒரு நிமிசம் புடி."

ஊன்றினாள். குழலின் நுனி தரையிலிருந்து நூற்று ஐம்பத்தைந்து சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. அவள் விரல் எட்டும் கோட்டுக்குப் பதினான்கு சென்டிமீட்டர் மேலே. அரைச் சாணுக்கு மேல். "கிளப்புல இழுத்த மாதிரி புடி," என்றேன். அவள் கை நுனிக்குப் போகவே இல்லை. அதே பதினான்கு சென்டிமீட்டர் கீழே, குழலின் நடுப்பக்கமாகப் போய் உட்கார்ந்தது. பால் பாக்கெட்டில் சுற்றி வந்த ரப்பர் பேண்டை அந்த இடத்தில் மாட்டினேன். கொக்கித் தராசையும் அங்கேயே மாட்டி இழுத்தேன். கதவை ஓரத்தில் தள்ளாமல் நடுவில் தள்ளுகிறவனுக்குக் கனமாகத்தானே இருக்கும். பதினேழரை கிலோ. ஆபரேஷனுக்கு முன்னால் அவள் நுனியில் இழுத்த பழைய ஸ்பிரிங்கைவிட அதிகம்.

சுவரில் அவள் கையை அளந்தவன் நான். குழலில் ஸ்பிரிங்கை அளந்தவனும் நான். ஒரு மாதமாக இரண்டும் ஒரே வீட்டில், பத்தடி தூரத்தில் இருந்தன. பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. நான் அளந்த இடத்தில் அவள் கையே இல்லை. இந்தக் கேள்வியைத்தான் ஸ்டீபன் கேட்டார், அவர்மேல் பாய்ந்தேன்.

"கை சாகல பவுனு. நாந்தான் தப்பா அளந்துட்டேன். பதினேழரை கிலோவ உன் கையில குடுத்துட்டு, பன்னண்டுன்னு சொல்லிகீறேன்."

அவள் தராசைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நெஜமாவா?" என்றாள். பிறகு அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் உட்கார்ந்தேன். ஆபரேஷன் அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டதும், தராசை ஜன்னல் கம்பியில் மாட்டச் சொன்னாள். அவள் கை எட்டும் உயரத்தில். இழுத்தாள். பன்னிரண்டு. மறுபடி இழுத்தாள். பதினொன்றே முக்கால்.

"எழுதிக்குங்க," என்றாள்.

இந்த முறை சிஞ்ச்வடுக்கு இரண்டு பேரும் போனோம். முதலில் நான் ஸ்டீபனிடம் மன்னிப்புக் கேட்டேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததைப் பார்த்து பவுனுக்கே ஆச்சரியம். மேசைமேல் அதே இரண்டு செட். நான் வாயை மூடிக்கொண்டேன். பவுன் மெத்தான ஸ்பிரிங்கைக் கையில் எடுத்து, கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"குண்டு மெதுவா போவுமா?"

"கொஞ்சம் கீழ எறங்கும்மா. குறி பாக்கற சைட்ட ஏத்தி வெச்சிக்கினா சரியாப் பூடும். நேரம் வேணும் பழகறதுக்கு."

"நேரம் கீது," என்றாள் பவுன். அங்கேயே மாட்டச் சொன்னாள். ரப்பர் பேண்ட் இருந்த இடத்தில் தராசை மாட்டினார் ஸ்டீபன். பதினொன்றரை. பவுன் ரைஃபிளைத் தொடையில் ஊன்றி, அதே இடத்தில் பிடித்து இழுத்தாள். வந்தது. டக். அந்தச் சத்தத்துக்கு அவள் சிரித்த சிரிப்பை நான் ஒரு வருடமாகப் பார்க்கவில்லை.

அடுத்த முதல் ஞாயிறு. அவள் பெயர் வந்ததும் கேஷவ்ராவ் பழக்கத்தில் எழுந்து வந்து கை நீட்டினார்.

"நகோ பாவ்," என்றாள் பவுன். வேண்டாம் அண்ணா.

அவர் நீட்டிய கையை மெல்ல இறக்கிக்கொண்டு, ஓரமாகப் போய் நின்றார். பவுன் இழுத்தாள். டக். முதல் மூன்று குண்டும் கீழே போய் விழுந்தன. சைட்டைத் திருகினாள். நடுவில் இரண்டு தடவை கையை உதறிக்கொண்டாள். பதினைந்தாவது குண்டுக்கு இழுப்பு பாதியில் நின்றது. என் கால் தானாக ஒரு அடி முன்னால் போனது, நானே அதைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவள் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி இழுத்தாள். இருபதும் அவளே இழுத்தாள். நூற்று நாற்பத்தேழு. யாரும் கை தட்டவில்லை, தட்டுகிற மாதிரி எண்ணும் இல்லை. எனக்குத்தான் கண் நிறைந்து பலகையே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் சுவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"இத்தையும் எழுதுங்க."

"மார்க்கையா? செவுத்துலயா?"

"ஆமா. நூத்தி நாப்பத்தேழு. எங்க எழுதணும்னு உங்களுக்கே தெரியும்."

டேப்பை எடுத்தேன். தரையிலிருந்து நூற்று நாற்பத்தேழு சென்டிமீட்டர் அளந்து, அவள் கோட்டுக்கு ஆறு சென்டிமீட்டர் மேலே புதிதாக ஒரு கோடு போட்டேன். தேதி எழுதவில்லை. தேதியை அவள் விரல் வந்து எழுதட்டும் என்று விட்டுவிட்டேன்.

"சரியா அளந்தீங்களா?" என்றாள்.

"நீ ஒரு தரம் பாத்துடு," என்று டேப்பை அவள் கையில் கொடுத்தேன்.