குடியிருப்போர்: இரண்டு பேர்

அக்கா வீட்டுக் கூடத்தில் ஒன்பது வருடம் படுத்து எழுந்தவளுக்குப் பத்தாவது வருடம் இடமில்லை என்று ஆகிவிட்டது. போ என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. அக்கா மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. புதுப்பெண் வரும் வீட்டில், கூடத்துச் சோபாவில் ஒரு சித்தி சுருண்டு கிடந்தால் நன்றாகவா இருக்கும்? அவளே யோசித்தாள், அவளே பேச்சையும் எடுத்தாள். “நீ எங்கயும் போக வேண்டாம்டி” என்று அக்கா சொல்வாள் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தாள். பக்கத்திலேயே எங்காவது பார்த்துக்கொள், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்துவிடலாம் என்றாள் அக்கா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் பதினெட்டு வருடமாக லென்ஸ் தேய்க்கிறாள். ஃபிரேமுக்குத் தக்கபடி லென்ஸின் ஓரத்தை மிஷினில் தேய்த்து, சரியாக உட்காருகிறதா என்று அழுத்திப் பார்த்து, துடைத்து, டப்பாவில் போட்டு முன்பக்கம் அனுப்புவாள். கடையில் எல்லாருக்கும் அவள் லென்ஸக்கா. கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து இரண்டு முறையும் தட்டிப்போனது. அப்புறம் அம்மா படுக்கையில் விழுந்தாள். அம்மா போனபோது இவளுக்கு நாற்பத்திரண்டு. இதில் பெரிய கதை ஒன்றும் இல்லை.

மாளிகையா கேட்டாள், பாவம்? ஒரு அறை, ஒரு அடுப்படி, தானே பூட்டித் தானே திறக்கும் ஒரு கதவு. ஒன்பது வருடமாக, அத்தான் டீவியை அணைத்தால்தான் அவளுக்கு ராத்திரி. தூக்கம் வருகிறபோது விளக்கை அணைக்கும் உரிமை, அவ்வளவுதான் அவள் ஆசை.

மாதக் கடைசிக்குள் கிளம்பியாக வேண்டும்; ஏழு வீடு பார்த்தாள். ஏழு வீட்டிலும் முதல் பத்து நிமிஷம் எல்லாம் சுமுகம். தண்ணீர் வசதி, மாடிப்படி, மின்சாரக் கட்டணம் எல்லாம் பேசி முடிந்ததும் அந்தக் கேள்வி வரும். கூட யார் இருப்பார்கள்? நான் மட்டும்தான் என்பாள். உடனே அவர்கள் முகம் தொங்கிவிடும். ஒருவர், உடம்புக்கு முடியாமல் போனால் நாங்களா பார்க்கிறது என்று கேட்டார். ஒரு அம்மாள், குடும்பமாக இருந்தால் எங்களுக்கும் ஒரு மரியாதை என்றாள். யோசித்துச் சொல்கிறோம் என்றவர்கள் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். வாடகையைக் கூட்டித் தருகிறேன் என்று கூடச் சொல்லிப் பார்த்தாள். தனி ஆள், கூடுதல் வாடகை வேறு தருகிறாளா, என்ன விவகாரமோ என்று அதற்கும் ஒரு சந்தேகம். தனியாக இருப்பது என்ன, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் வியாதியா? கேட்க வாய் வரை வரும். மென்று விழுங்கிவிட்டுப் படியிறங்குவாள்.

யோசனை சொல்ல அத்தான் இருந்தார். அவர் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். முப்பது வருடமாக ஊரார் சொல்லும் பொய்யையெல்லாம் பிடித்துப் பிடித்து, எந்தப் பொய் நிற்கும், எது நிற்காது என்பதில் கரைகண்டவர். வீட்டுக்காரன் என்ன கேட்கிறானோ அதைக் கொடுக்கணும், உண்மையைக் கொண்டுபோய் எதுக்குக் கொட்டுறே என்றார். புருஷன் கப்பலில் வேலை பார்க்கிறான் என்று சொல்லச் சொன்னார். வெளியூர் என்றால் ஏன் வரவில்லை என்பார்கள். கப்பல் என்றால் யாரும் ஒரு வருடத்துக்குக் கேட்க மாட்டார்கள். அதற்குள் நீ வாடகையை ஒழுங்காகக் கொடுத்து நல்ல பெயர் வாங்கிவிடுவாய் என்றார். அக்கா தலையைக் குனிந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு இவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் தேதி இருபதாகிவிட்டதே, என்ன செய்வாள்?

எட்டாவது வீட்டு விளம்பரம் கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. மாடியில் ஒரு பகுதி வாடகைக்கு, வாடகை இவ்வளவு. வீட்டைப் பார்க்க வருகிறவர்கள், யார் யார் இருக்கப் போகிறார்கள், எவ்வளவு வாடகை தர முடியும் என்று கைப்பட எழுதிக் கொண்டுவர வேண்டும். அத்தான் பேனாவை எடுத்துக் கொடுத்தார். அவள் எழுதினாள். குடியிருப்போர்: இரண்டு பேர், நானும் என் கணவரும். கணவர் கப்பலில் என்ஜின் மெக்கானிக். நீங்கள் கேட்கும் வாடகைக்கு மேல் பத்து சதவீதம் தருகிறோம். ஆறு மாத முன்பணமும் தருகிறோம். ஒற்றை ஆளுக்கு இரண்டு இடத்தில் ‘றோம்’ போட்டு எழுதியபோது கை கூசியது.

வீட்டுக்காரி ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். தெருவே டீச்சர் என்றுதான் கூப்பிட்டது. எழுபது வயதிருக்கும். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்து மாடியைக் காட்டினாள். வெளிப்பக்கமாகத் தனிப் படி, தனிக் கதவு, பித்தளைப் பூட்டு. சமையலறை அலமாரி இவள் கை எட்டும் உயரத்தில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் எதிரே சைக்கிள் ரிப்பேர் கடை, பக்கத்தில் சலவைக்கடை, வெள்ளைத் துணிகள். டீச்சர் முன்னால் போனபோது இவள் பின்தங்கி, விளக்கு சுவிட்சை ஒருமுறை போட்டு அணைத்துப் பார்த்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. அத்தனை பிடித்துவிட்டது அந்த வீடு.

கீழே வந்ததும் டீச்சர் தேநீர் போட்டாள். வாசலில் ரேடியோ தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. கடிதத்தைப் படிக்க டீச்சர் கண்ணாடியைப் போட்டபோது, லென்ஸ் முழுக்கக் கீறலாக இருப்பதை இவள் கண்டுவிட்டாள். தொழில் கை சும்மா இருக்குமா? வாங்கிப் பார்த்து, பவரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, இதே அளவில் புதுக் கண்ணாடி போட்டு வைக்கிறேன், சனிக்கிழமை கடைக்கு வாருங்கள் என்றாள். டீச்சருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. பிறகு கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

“நான் கேட்டதுக்கு மேல எதுக்கும்மா தர்ற?”

வீடு பிடித்திருக்கிறது என்றாள் இவள். டீச்சர் கடிதத்தை மடித்து வைத்தாள். கணவரைப் பற்றி விசாரித்தாள். அவர் எப்படி என்றால், அதிகம் பேசமாட்டார் என்றாள் இவள். சத்தம் பிடிக்காது. தேநீர் ஸ்ட்ராங்காக இருக்க வேண்டும். தூங்கும்போது மட்டும் கொஞ்சம் குறட்டை. ஒரு பொய்க்குத்தான் தயாராகி வந்தாள். வாயைத் திறந்தால் ஒரு மனுஷனே எழுந்து வருகிறான். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. டீச்சர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது டீச்சர் சம்பந்தமே இல்லாமல் ஒன்று கேட்டாள்.

“ராத்திரி எத்தன மணிக்குச் சாப்பிடுவ?”

இதில் என்ன பரீட்சை என்று இவளுக்குப் புரியவில்லை. குடும்பப் பெண் என்ன சொல்வாளோ அதைச் சொன்னாள்.

“அவர் இருந்தா அவர் நேரம்தான், டீச்சர்.”

அப்படியா என்றாள் டீச்சர், காலிக் கோப்பையில் கரண்டியைச் சுற்றிக்கொண்டே. அதைக் கவனிக்காமல் இவள் வாசல் வரை மிதந்துகொண்டு போனாள். இத்தனை நல்லவளிடம் பொய் சொல்லிவிட்டோமே, திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாமா என்று தெருமுனையில் ஒரு கணம் நின்றாள்தான். ஏழு வீட்டு முகங்களும் ஞாபகத்துக்கு வந்தன. ஒரு வருடம் நல்லபடியாக இருந்துவிட்டு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நடையைக் கட்டினாள்.

அந்த வாரம் முழுக்க அவள் அந்த மாடியில்தான் குடியிருந்தாள், மனதுக்குள். அடுப்பை எந்தப் பக்கம் வைப்பது, துணியை எங்கே காயப்போடுவது எல்லாம் தீர்மானமாகிவிட்டது. ஒரே ஒரு தட்டு வாங்கப் போய், டீச்சர் மேலே வந்தால் என்று இன்னொன்றும் வாங்கினாள். டீச்சருடைய லென்ஸை அவசரமில்லாமல், வேறெந்த வேலையும் கலக்காமல், தனியாக உட்கார்ந்து தேய்த்தாள்.

சனிக்கிழமை மதியம் டீச்சர் வந்தாள். கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். டீச்சரை முக்காலியில் உட்காரவைத்து, கண்ணாடியை மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, படிக்கும் அட்டையைக் கையில் கொடுத்தாள். டீச்சர் கடைசி வரியின் பொடி எழுத்துவரை தடங்கலில்லாமல் படித்தாள். அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, உன்னிடம் நேரில் சொல்லத்தான் வந்தேன் என்று ஆரம்பித்தாள்.

“மாடிய நேத்து ஒரு நர்ஸுக்குக் குடுத்துட்டேம்மா. கையெழுத்தும் ஆயிடுச்சு, சாவியும் குடுத்தாச்சு.”

இவள் லென்ஸ் துடைக்கும் துணியைக் கீழே வைத்தாள். அவர்கள் கூட்டித் தருகிறார்களா என்று கேட்டாள். அதைவிட நான் தருகிறேன் என்று சொல்லவும் நாக்கு துடித்தது. இல்லை, அவள் குறைத்துத்தான் கேட்டாள் என்றாள் டீச்சர். அந்த நர்ஸ் தன் கடிதத்தில் எழுதியிருந்ததே ஒரு வரிதான்: நான் ஒருத்திதான், இவ்வளவுதான் முடியும்.

“எனக்குத் தனியா இருக்குற பொம்பளதாம்மா வேணும். பத்து வருஷமா ஒண்டியா உக்காந்து சாப்பிடுறேன். புருஷன் பொண்டாட்டின்னா அவங்க உலகம் அவங்களுக்கு. அவங்கள ராத்திரி சாப்பிட வான்னு கூப்பிட முடியுமா, சொல்லு?”

“இத விளம்பரத்துல போட்டிருக்கலாமே, டீச்சர்.”

“போட்டா? வர்றவங்க எல்லாம் நான் தனி ஆளுன்னு எழுதிட்டு வந்துடுவாங்க. அதான் போடல.”

இருக்கிற விண்ணப்பங்களிலேயே உன்னைத்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது என்றும் சொன்னாள். இரண்டு நாள் தூங்காமல் யோசித்தாளாம். அவர் மட்டும் இல்லாமலிருந்தால் அன்றைக்கே சாவியைக் கொடுத்து அனுப்பியிருப்பேன் என்று சொல்லிவிட்டு, இது என்ன பேச்சு, அவர் நூறு வருஷம் இருக்கட்டும் என்று தன் வாயையே பொத்திக்கொண்டாள்.

சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம்தான். கப்பலும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை, நான் ஒருத்திதான் டீச்சர். ஆனால் நர்ஸ் கையெழுத்துப் போட்டாயிற்று, சாவி கைமாறியாயிற்று; இனி சொன்னால் வீடு வராது, பொய்க்காரி என்ற பெயர்தான் வரும். அது மட்டுமில்லை. ஏழு வீட்டிலும் கூடத்துச் சோபாவிலும் அவள் யாருக்கும் வேண்டாத தனி ஆள். இந்த முக்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் கண்ணுக்கு மட்டும், யாரோ ஒருவன் திரும்பி வருவதற்காகக் காத்திருக்கிறவள். அதையும் இழக்க அவளால் முடியவில்லை.

டீச்சர் எழுந்து, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இவள் கையைப் பிடித்தாள்.

“அவர் எப்பம்மா வர்றாரு?”

அவள் கொஞ்சம் யோசித்து, அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி வாக்கில் என்றாள். வந்ததும் இரண்டு பேருமாக ஒரு நாள் வீட்டுக்கு வரவேண்டும் என்று டீச்சர் சொல்ல, வருகிறோம் என்றாள். டீச்சர் புதுக் கண்ணாடி வழியாக அவள் முகத்தை ஆசையாகப் பார்த்தாள்.

“குடுத்து வச்சவம்மா நீ.”

“ஆமா, டீச்சர்” என்றாள் அவள்.