பிரிகேடியருக்கு எந்தக் குவியல்?

முதல்லயே சொல்லிடறேன், நான் திருடி இல்ல. நாய்க்கு வாங்கினதை நாய்க்குப் போடாம கோழிக்குப் போட்டேன், அவ்வளவுதான். அதுக்குப் பேரு திருட்டுன்னா எங்க ஏரிக்கரை ஊரு கிசுமுவுல இருக்கற சமையக்காரிங்க முக்கால்வாசிப் பேர் ஜெயில்லதான் இருக்கணும்.

என் பேர் பெரஸ். பணக்காரங்க பேட்டை மிலிமானியில, வங்கியில பெரிய வேலை பாக்கற ஒரு அம்மா வீட்டுல பதினோரு வருஷமா சமைக்கறேன். அந்தம்மா பொண்ணு பேரு வெல்மா. அதனால எங்க வழக்கப்படி அவங்களை வெல்மாம்மான்னுதான் கூப்பிடுவோம். வெல்மா படிக்க கனடா போனப்போ தன் நாயை எங்ககிட்ட விட்டுட்டுப் போனா. ஜெர்மன் ஷெப்பர்டு, பேரு பிரிகேடியர். நடை எல்லாம் பட்டாளத்து நடைதான். ஆனா வாசக் காவலுக்கு இருக்கற மகோகா கண்ணசந்தா, அவனும் பக்கத்துலயே காலை நீட்டிடுவான்.

ஞாயித்துக்கிழமை தவறாம வெல்மா வீடியோவுல வருவா. அம்மாவை ரெண்டு நிமிஷம் பாப்பா, நாயை அரை மணி நேரம் பாப்பா. ஆகஸ்டுல ஒரு ஞாயிறு அப்படிப் பாத்துட்டுக் கத்தினா பாருங்க.

"அம்மா! இவன் விலா எலும்பை இங்கிருந்தே எண்ணிடலாம் போலிருக்கே! என்னத்தப் போடறீங்க?"

என்னத்தப் போட்டோம்? அதுவரைக்கும் நான் கிண்டின உகாலி, அதான் மக்காச்சோளக் களி, எலும்புச் சாறு, கீரைன்னு நல்லா தின்னுட்டுதான் இருந்தான். ஜூன் மாசம் வெல்மாம்மாவோட சிநேகிதி ஒருத்தி வந்து, "ஐயையோ, ஷெப்பர்டுக்கு உகாலியா போடற?"ன்னு கேட்டுட்டுப் போனா. மறுநாளே வந்துச்சு ஒரு பெரிய பை. பை மேல பனிமலை, மலை மேல ஒரு ஓநாய். கிசுமுவுல எவன் ஓநாயைப் பாத்தான்? நான் பனியைப் பாத்ததே ஃப்ரீசர்லதான். உள்ள கொட்டைப்பாக்கு மாதிரி உருண்டை உருண்டையா இருந்துச்சு. பிரிகேடியர் ரெண்டு உருண்டையைக் கடிச்சான், மூணாவதைத் துப்பினான், அப்புறம் என் மூஞ்சியைப் பாத்தான். 'உனக்கு நான் என்ன துரோகம் பண்ணினேன்?'னு கேக்கற பார்வை. தட்டுல மிஞ்சினதைக் கொட்ட மனசு வராம என் கோழிங்களுக்குப் போட்டேன். அதுங்க அடிச்சுப் புடிச்சுத் தின்னுச்சுங்க.

அந்த ஞாயிறு ஃபோனை வச்சதும் வெல்மாம்மா என்னை மேலயும் கீழயும் பாத்தா.

"பெரஸ், பை காலியாகுது, நாய் இளைக்குது. நடுவுல யாரு குண்டாகறா?"

நான் கொஞ்சம் பூசின உடம்புதான். அது எங்க அம்மா வழி. அதுக்காக நாய்த் தீனியைத் தின்னேன்னு சொன்னா வயிறு எரியுமா எரியாதா?

"வெல்மாம்மா, அவனுக்கு அது புடிக்கல. நான் பழையபடி..."

"பழையபடி ஒண்ணும் வேணாம். டிசம்பர்ல வெல்மா வரா. அப்பவும் இவன் இப்படியே இருந்தான்னா நீ உன் மூட்டையைக் கட்டிக்கோ."

என் பொண்ணு அடோங்கோ சியாயாவுல நர்ஸிங் கடைசி வருஷம். நான் மூட்டை கட்டினா அவளும் அங்க மூட்டை கட்டணும்.

இளைச்ச நாயைத் தேத்த எங்க ஊர்ல சின்னப் புள்ளைக்குக் கூட வைத்தியம் தெரியும். ஒமேனா! ஏரியில புடிச்சு வெயில்ல காய வைக்கற விரல் நீள வெள்ளி மீன். ஆனா அந்த வீட்டுல ஒரு சட்டம் இருந்துச்சு. ஒமேனா வாசம் வாசப்படி தாண்டக் கூடாது. வெல்மாம்மா யாரு? ஏரிக்குள்ள இருக்கற ருசிங்கா தீவுல பொறந்தவ. அவங்கம்மா கரையில ஒமேனா காய வச்சு வித்துதான் அவளைப் படிக்க வச்சாங்க. இப்ப அது ஏழைங்க தீனியாம், நாத்தமாம். "அந்த வாசம் என்னிக்கு என் மூக்குல ஏறுதோ, அன்னிக்கு உனக்குக் கடைசி நாள்"னு நான் வேலைக்குச் சேந்த அன்னிக்கே சொல்லிட்டா. ஏரிக்கரையில வீட்டைக் கட்டிக்கிட்டு மீன் வாசம் ஆகாதாம்!

நாய் தேறலைன்னாலும் வேலை போகும், தேத்தினாலும் வேலை போகும். சரி, போறதுதான் போகுது, நாயாவது நல்லா இருக்கட்டும்னு சந்தைக்குக் கிளம்பினேன்.

சந்தையில டோர்சிலா அக்கா ரெண்டு குவியல் வச்சிருப்பா. வலையில காய வச்சது மனுஷக் குவியல். மணல்ல காய வச்சது கோழிக் குவியல். நாய்க்குன்னு கேட்டா கண்ணை மூடிக்கிட்டுக் கோழிக் குவியல்லதான் அள்ளுவா. அன்னிக்கும் தகர டின்னை அதுலதான் விட்டா.

"அக்கா, அது வேணாம். இந்தப் பக்கத்துல அள்ளு."

"நாய்க்குன்னுதானே சொன்ன?"

"நாய்க்குத்தான்."

"ஏண்டி, நாய்க்குக் கல்யாணமா?"

நான் மனுஷக் குவியல்ல ரெண்டை எடுத்து வாயில போட்டு மென்னேன். மணல் கரகரக்கல. கசப்பு இல்ல. வயித்துப் பக்கம் மின்னுது, முதுகு உடையாம வளைஞ்சிருக்கு.

"எம் மருமகனுக்குக் கூட நான் இப்படிக் கடிச்சுப் பாத்து வாங்கினதில்லடி!"

"உன் மருமகனுக்கு மணலும் செரிக்கும், கல்லும் செரிக்கும். என் பிரிகேடியருக்குச் செரிக்காது. அள்ளுக்கா."

மகோகாவோட காவல் குடிசைக்குப் பின்னால ஒரு கரி அடுப்பு உண்டு. வெல்மாம்மா வங்கிக்குப் போனதும், காத்து ஏரிப் பக்கம் திரும்பினதும் அடுப்பை மூட்டுவேன். ஒமேனாவை ஏழு தண்ணி அலசி, உப்பு போடாம, வெங்காயம் போடாம வேக வச்சு, கீரையும் களியும் சேத்துப் பெசைவேன். வெங்காயம் நாய்க்கு விஷம்னு மிருக டாக்டர் ஒருத்தர் முன்னாடியே சொல்லியிருந்தார்.

மகோகா குடிசையிலேர்ந்து எட்டிப் பாப்பான். "பெரஸ், எனக்கு ஒரு கரண்டி. உப்பு நான் போட்டுக்கறேன்."

"உனக்கு எதுக்கு?"

"வாயை மூடணும்னா வாயில ஏதாவது போடணும்ல?"

போட்டேன். வேற என்ன பண்றது?

நாய்க்கு ஒமேனா, கோழிக்கு ஓநாய்ப் பை. ஊர் உலகத்துல கோழிக்குத்தான் ஒமேனா போடுவாங்க. எங்க வீட்டுல எல்லாம் தலைகீழ். ஒரே மாசத்துல பிரிகேடியர் மேல எண்ணெய் தடவின மாதிரி மினுமினுப்பு. என் பதினோரு கோழியும் போட்டி போட்டுக்கிட்டு முட்டை வச்சுதுங்க.

ஒரு நாள் காலையில வெல்மாம்மா முட்டையை உடைச்சுப் பாத்துட்டு, "இது எங்க வாங்கின? கரு என்னமா செவந்திருக்கு!"ன்னா.

"நம்ம கோழிதான் வெல்மாம்மா. தீனியை மாத்தினேன்."

"பாத்தியா? தீனி தரமா இருந்தா எல்லாம் தானா வரும். பிரிகேடியரைப் பாரு!"

"ஆமா வெல்மாம்மா."

நான் ஒரு பொய் கூடச் சொல்லல. நீங்களே மறுபடி படிச்சுப் பாத்துக்கோங்க.

கதை அங்கயே முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ஆனா வெல்மாம்மாவுக்கு வாய் சும்மா இருக்குமா? சர்ச்சுல சொன்னா, தெருச் சங்கத்துல சொன்னா, நாய் படத்தை ஊரெல்லாம் அனுப்பினா. தெருவே ஓநாய்ப் பை வாங்குச்சு. பையை விக்கற ஆளு முச்சிரின்னு ஒரு பையன், நைரோபிக்காரன், டை கட்டிக்கிட்டு வந்து நின்னான். "மேடம், உங்க நாய் எங்க பைத் தீனியைத் தின்றதைப் படம் புடிக்கணும். வர்ற சனிக்கிழமை, அக்கம் பக்கத்துக்காரங்க முன்னாடி." வெல்மா வர்றதுக்குச் சரியா ஆறு நாள் முன்னால.

நான் ஒரு வழி யோசிச்சு வச்சிருந்தேன். உருண்டைங்க மேல ஒமேனாத் தண்ணியை ரகசியமாத் தெளிச்சு எடுத்துட்டு வந்தா அவன் தின்னுடுவான். அதுக்காக விடியறதுக்குள்ள மகோகா அடுப்புல சட்டியை ஏத்தி, அவன் பங்கையும் அவன் கிண்ணத்துல போட்டு மூடி வச்சிருந்தேன். ஆனா அந்த முச்சிரி இருக்கானே, "புதுப் பையை எல்லார் முன்னாடியும் நானே பிரிக்கறேன்"னு நின்னுட்டான். முடிஞ்சுது.

புல்வெளியில இருபது பேர். ஆரஞ்சு ஜூஸ், கேக். நடுவுல பிரிகேடியர் கம்பீரமா உக்காந்திருக்கான். முச்சிரி எவர்சில்வர் தட்டுல உருண்டையை உயரத்துலேர்ந்து கொட்டினான். கலகலகலன்னு சத்தம்.

அந்தச் சத்தம் என் கோழிங்களுக்குச் சாப்பாட்டு மணி! மாசக்கணக்கா அதே சத்தத்தைக் கேட்டு வளந்த ஜீவனுங்க. வேலிக்குப் பின்னாலேர்ந்து பதினோரு கோழியும் றெக்கையை விரிச்சுக்கிட்டு ஓடி வந்துச்சு. ஒண்ணு பாஸ்டர் சம்சாரத்து மடியில ஏறி இறங்கிச்சு. ஒண்ணு முச்சிரி ஷூ மேல நின்னுக்கிட்டுக் கொத்துது. அவன் "ஷூ! ஷூ!"ங்கறான், அதுங்க அவனையும் சேத்துக் கொத்துதுங்க. தட்டு நிமிஷத்துல காலி.

பிரிகேடியர் அதையெல்லாம் ஒரு தடவை பாத்தான். எழுந்தான். குடிசைப் பின்னால போனான். மூடி கீழ விழுந்த சத்தம் கேட்டப்பவே என் உசிரு பாதி போச்சு. திரும்பி வந்தப்போ மகோகாவோட சின்னக் கிண்ணம் அவன் வாயில, ஒமேனா வழிய வழிய. நேரா வெல்மாம்மா காலடியில வச்சுட்டு, எல்லார் முன்னாடியும் நிதானமா நக்கித் தின்னான்.

வாசம் கிளம்பிச்சு. ஏரிக்காத்து அன்னிக்குன்னு பாத்து வீட்டுப் பக்கம் அடிக்குது.

"இது ஒமேனால்ல?"ன்னு பாஸ்டர் சம்சாரம் மூக்கை உறிஞ்சினா. யாரோ பின்னால களுக்குன்னு சிரிச்சாங்க. வெல்மாம்மா மூஞ்சியில ஈயாடல. "எல்லாரும் கேக் எடுத்துக்கோங்க"ன்னு மட்டும் சொன்னா. என்னைப் பாக்கவே இல்ல. அதுதான் பயமா இருந்துச்சு.

எல்லாரும் போனப்புறம் நான் குடிசைப் பின்னால போய், கொடியில காயப் போட்டிருந்த என் துணியை ஒரு பையில திணிக்க ஆரம்பிச்சேன். அடோங்கோவுக்கு எப்படிச் சொல்றதுன்னு நெனச்சப்போ அழுகை வந்துடுச்சு. மகோகா, கால் மேல கால் போட்டுத் தின்ன மகோகா, ஆளையே காணோம்.

வெல்மாம்மா வந்தா. கையில அந்தப் பை, மூக்குல கண்ணாடி.

"கோழிக்கு இதையா போட்ட?"

"ஆமா."

"நான் தின்ன முட்டை?"

"அதேதான்."

"இதுல என்னடி குறை கண்ட? எவ்வளவு தரமான பை!"

இனிமே போறதுக்கு என்ன இருக்கு? சொல்லிட்டேன். "பின்னால சின்ன எழுத்துல இருக்கு பாருங்க. எதை அதிகமாப் போட்டாங்களோ அதுதான் முதல்ல இருக்குமாம், மிருக டாக்டர் சொன்னார். படிங்க."

கண்ணாடியைத் தூக்கிப் படிச்சா. ரெண்டாவது தடவையும் படிச்சா. "மக்காச்சோளம்"னா மெதுவா.

"களி போடாதேன்னீங்க. அதே சோளம்தான் ஓநாய் படம் போட்டு வந்திருக்கு. நான் களியோட மீனும் போட்டேன், அதுதான் வித்தியாசம்."

அவ பையைக் கீழ வச்சா. அடுப்புல பெரிய சட்டி இன்னும் சூடா இருந்துச்சு. குனிஞ்சு உள்ள பாத்தா. திட்டப் போறான்னு நான் கண்ணை இறுக்கிக்கிட்டேன். திறந்து பாத்தா, ஒரு மீனை வால்ல புடிச்சுத் தூக்கி, பின்னால யாராவது இருக்காங்களான்னு திரும்பிப் பாத்துட்டு, வாயில போட்டுக்கிட்டா. மென்னா. ரொம்ப நேரம் மென்னா.

"உப்பே இல்ல."

"நாய்க்கு உப்பு ஆகாது வெல்மாம்மா."

இன்னொண்ணு எடுத்தா. அதுக்கப்புறம் ஒண்ணு. பதினோரு வருஷத்துல அவ கண்ணு கலங்கி நான் பாத்தது அன்னிக்குத்தான். புகைன்னு சொல்லிக்கலாம், ஆனா அடுப்புல புகை இல்ல.

"எந்தக் குவியல்ல வாங்கின?"

"மனுஷக் குவியல்லதான். கடிச்சுப் பாத்துதான் வாங்கினேன்."

"மணல்?"

"ஏழு தண்ணி அலசினேன்."

"எங்கம்மா ஒம்பது தண்ணி அலசுவா"ன்னா. விரலை நக்கிக்கிட்டே என் துணிப் பையைக் காலால ஓரமாத் தள்ளினா. "வெள்ளிக்கிழமை வெல்மா வரா. ரெண்டு சட்டி வை. ஒண்ணுல தக்காளி, வெங்காயம், உப்பு எல்லாம் போடு. இனிமே நீயும் ஒம்பது தண்ணி."